கிரிக்கெட் கண்ணோடு பேஸ்போல் பார்க்கப் போகாதீர்கள்

விசிற் விசாவில் கனடா போகிற திருகோணமலைச் சனத்துக்கு ஒரு வழக்கமான சுற்று உண்டு. முதலில் நயாகரா, பிறகு கோயில்கள், பிறகு சொந்தக்காரர் வீடுகளில் சாப்பாடு. இப்போது பேஸ்போலும் அதில் சேர்ந்துவிட்டது. பேஸ்போலின் இறுதிப் போட்டித் தொடரான 2025 உலகத் தொடரில் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி ஏழாவது ஆட்டம் வரைக்கும் போய், அதுவும் வழமையான ஒன்பதையும் தாண்டிப் பதினோராவது இன்னிங்ஸில், லொஸ் ஏஞ்சலஸ் டொட்ஜர்ஸிடம் 5-4 என்று தோற்றது. அதன் பிறகு அங்குள்ள பிள்ளைகள் இங்கிருந்து போகிறவர்களைச் சும்மா விடுவதில்லை. நான் போனது அதற்கு முன்பே, ஒரு ஆனி மாதத்தில், அக்காவின் மகனோடு. மூன்று மணித்தியாலத்துக்குள் எத்தனை பிழை விடலாமோ அத்தனையும் விட்டேன்.

முதல் பிழை கைதட்டியது. அடித்த பந்து உயர எழும்பி, வலப்பக்கம் இருந்த சனத்துக்குள் போய் விழுந்தது. பந்து சனத்துக்குள் விழுந்தால் ஆறு ஓட்டம் என்பதுதானே நாம் படித்த பாடம். எழும்பி நின்று தட்டினேன். எங்கள் வரிசையில் தட்டியது நான் மட்டும். மருமகன் சேட்டைப் பிடித்து இழுத்தான்: "மாமா, இருங்கோ. அது ஃபவுல்."

கிரிக்கெட்டில் பந்தை எந்தத் திசையிலும் அடிக்கலாம், விக்கெட் காப்பாளருக்குப் பின்னால் தட்டிவிட்டாலும் ஓட்டம்தான். பேஸ்போலில் அடிப்பவரின் காலடியிலிருந்து இரண்டு வெள்ளைக் கோடுகள் விரித்த ஓலை விசிறி மாதிரிப் போகின்றன. அவற்றுக்கு நடுவே விழுந்தால்தான் கணக்கு. வெளியே போனால் எவ்வளவு தூரம் போனாலும் ஓட்டம் இல்லை, அடிப்பவர் மேல் ஒரு ஸ்ட்ரைக் ஏறும், அதாவது அவருக்கு எதிரான ஒரு எண்ணிக்கை. ஏற்கெனவே இரண்டு ஸ்ட்ரைக் இருந்தால் மட்டும் பொதுவாக ஏறாது. ஆனால் அந்த ஃபவுல் பந்தை எதிரணி வீரர் நிலத்தில் படாமல் பிடித்துவிட்டால் ஆள் அவுட். ஆகவே பந்து போகும்போது பந்தைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள்.

என் அபிப்பிராயம், நம்மவர்கள் கிரிக்கெட்டை மறந்துவிட்டு எல்லேயை நினைத்துக்கொண்டு போக வேண்டும். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகளில் மூங்கில் தடியும் ரெனிஸ் பந்துமாக ஓடியவர்களுக்குப் பேஸ்போலில் பாதி விளங்கிவிடும். அடித்தால் ஓட வேண்டும், கிரிக்கெட் மாதிரி அடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்க முடியாது. ஒவ்வொரு தளமாகச் சுற்றி வந்து சேர்ந்தால்தான் ஓட்டம். ஒரு வித்தியாசம் உண்டு. எல்லேயில் ஓடுகிறவன் மேல் பந்தால் எறிந்தால் அவுட். பேஸ்போலில் அப்படி எறிந்து பயனில்லை. பந்தைக் கையுறையில் வைத்துக்கொண்டு அவரைத் தொட வேண்டும், அல்லது அவர் ஓடியே ஆகவேண்டிய தளத்தை அவருக்கு முன் மிதிக்க வேண்டும்.

அடுத்த பிழை, ஓட்டத்தை எண்ணிக்கொண்டிருப்பது. இருபது ஓவருக்கு 180 பார்த்துப் பழகிய கண்ணுக்கு 4-2 என்ற கணக்கு ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். நானும் மூன்றாவது இன்னிங்ஸில் கொட்டாவி விட்டேன். உண்மையில் அங்கே விளையாட்டு நடப்பது ஒவ்வொரு எறியிலும். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அடிப்பவர் வெளியே. சரியான இடத்துக்கு வராத எறியை அவர் அடிக்காமல் விட்டால் அதற்குப் பெயர் 'போல்', அப்படி நான்கு சேர்ந்தால் சும்மா நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம். மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக் என்று பலகையில் வரும்போது நாற்பதாயிரம் பேர் கொள்ளும் அரங்கமே ஒருமுறை மூச்சைப் பிடிக்கும். 18.44 மீற்றர் தூரத்திலிருந்து வேக எறி என்றால் பந்து மணிக்கு 150 கிலோமீற்றருக்கு மேலும் வருகிறது, நிலத்தில் குத்தி எழும்புகிற பந்தும் இல்லை. பத்து முறைக்கு மூன்று முறை ஹிட் அடிப்பவரை, அதாவது அடித்துவிட்டு அவுட் ஆகாமல் தளம் சேர்கிறவரை, அங்கே நட்சத்திரம் என்கிறார்கள். அதனால் ஒருவர் அவுட் ஆகிப் போகும்போது "இவனுக்கு விளையாடத் தெரியாது" என்று உரக்கச் சொல்லாதீர்கள். பக்கத்துக் கதிரையில் தமிழர் இருக்க வாய்ப்பு உண்டு. எனக்கு இருந்தார்.

பலகையைப் பற்றியும் ஒன்று. ஒன்பது இன்னிங்ஸுக்கும் ஒன்பது கட்டம், அதற்குப் பிறகு இன்னும் மூன்று எண்கள். கடைசியில் இருப்பது மொத்தம் என்று நினைத்து, வெகுநேரம் இரண்டு அணியும் பூச்சியம் என்றே இருந்தேன். அந்த மூன்றில் முதலாவதுதான் ஓட்டம், நடுவில் ஹிட், கடைசி எண் களத்தடுப்பில் விட்ட பிழைகள்.

இனிப் பந்து. கிரிக்கெட்டில் பந்து கைக்கு வந்தால் மைதானத்துக்குத் திருப்பி எறிவோம். அங்கே சனத்துக்குள் விழுந்த பந்து பிடித்தவருக்கே சொந்தம். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு வயதானவர் ஃபவுல் பந்து ஒன்றைத் தொப்பியால் மறித்து எடுத்து, பின்னால் இருந்த சின்னப் பிள்ளையிடம் நீட்டினார். சுற்றியிருந்தவர்கள் அவருக்குத் தட்டிய தட்டு, முன்பு விளையாட்டுக்குத் தட்டியதை விடப் பலம். ஆனால் பிடிக்கிறேன் என்று மதிலுக்கு மேலால் கையை நீட்டி, விளையாட்டில் இருக்கிற பந்தைத் தொட்டுவிடக் கூடாது, வெளியே அனுப்பிவிடுவார்கள். வலை இல்லாத பக்கத்தில் இருந்தால் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள். கிரிக்கெட் பந்தை விடக் கொஞ்சம் பாரம் குறைவுதான், ஆனாலும் நூற்று நாற்பது கிராமுக்கு மேல். மட்டையில் பட்டு வரும் வேகத்தில் கை தூக்கக்கூட நேரம் இருக்காது.

சாப்பாட்டில் நம்மவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. 2025 இல் புளூ ஜேஸ் மைதானத்தில் ஒரு டொலருக்கு ஹொட் டோக் விற்றது செவ்வாய்க்கிழமை ஆட்டங்களில். நம்மில் பலர் மச்சம் தொடாத நாளும் அதுதான்! மற்ற நாளில் போனாலும் உள்ளே இருப்பது மாடா பன்றியா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், கேட்பதை அங்கே யாரும் தவறாக எடுப்பதில்லை. கவலையில்லாத சாப்பாடு கச்சான். கோதோடு வறுத்தது, கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் வாங்குவது போலவே. கோதைக் காலடியில் போடலாம். நான் ஒரு இன்னிங்ஸ் முழுக்கக் கோதை மடியில் சேர்த்து வைத்திருந்தேன், மருமகனுக்கு அதுவும் வெட்கம்.

நுழைவுச்சீட்டு போனில்தான் இருக்கும். இங்கத்தைய சிம்மோடு வாசலில் நின்று இணையம் தேடாமல், வீட்டிலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். காரில் போய் நகர மத்தியில் தரிப்பிடம் தேடுவதை விட ரயிலில் யூனியன் நிலையம் போனால், அங்கிருந்து மூடிய நடைபாதையாலேயே சி.என். கோபுரத்தின் அடிவரைக்கும் நடந்துவிடலாம், மைதானம் பக்கத்தில். கூரை உண்டு என்று கேள்விப்பட்டு மெல்லிய சேட்டோடு போகாதீர்கள். 1989 இல் திறந்த அந்த அரங்கத்தின் கூரை நகரும் கூரை, காலநிலை நல்லதென்றால் திறந்துவிடுவார்கள். ஏரிக்காற்று நிலாவெளிக் காற்று இல்லை.

கடைசியாக, முடியும் முன் எழும்புவது. 2023 இல் எறிவதற்கு மணிக்கூடு வைத்த பிறகு ஆட்டம் பெரும்பாலும் மூன்று மணித்தியாலத்துக்குள் முடிகிறது, ஆனாலும் விளையாட்டு முடிவதை மணிக்கூடு தீர்மானிப்பதில்லை. கடைசி அவுட் விழும்வரைக்கும் பின்னால் நிற்கிற அணி எத்தனை ஓட்டமும் எடுக்கலாம், சமன் என்றால் மேலதிக இன்னிங்ஸ் போகும். 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் போனது. எனக்கு அன்று இதெல்லாம் தெரியாது. எட்டாவது இன்னிங்ஸில் புளூ ஜேஸ் மூன்று ஓட்டம் பின்னால் நின்றது. "இனி என்னத்தைப் பார்க்கிறது, ரயிலில் சனம் ஏறமுதல் போவம்" என்று நான்தான் எழும்பினேன். அவனும் பெரியவர் சொல்லைத் தட்டாமல் வந்தான். யூனியன் நிலையத்துக்குள் கால் வைக்கும்போது பின்னாலிருந்து ஒரு இரைச்சல். மருமகன் போனை எடுத்துப் பார்த்தான், திரும்பப் பைக்குள் வைத்தான்.

ஸ்காபரோ வந்து சேரும்வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.