ஜிப்சிக்குக் கூடுதல் லோ கியர்

கோயம்புத்தூர் பக்கம் பாறை மேட்டில் என் மாருதி ஜிப்சியை 4எல் (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாகச் சுழலும் லோ நிலை) முதல் கியரில் ஏற்றினாலும் கிளட்சை அரைபாதியில் மிதித்துக்கொண்டேதான் போக வேண்டும். கருகல் வாடை வீட்டுக்கு வரும் வரை மூக்கிலேயே நிற்கும்.

இந்த லோ கியர் இருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது கியர்பாக்ஸின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில். அதன் ஒரிஜினல் லோ விகிதம் 2.268; எண் கூடினால் சக்கரம் இன்னும் மெதுவாக, பலமாகச் சுழலும். அதை 4.16 ஆக்கும் கியர் செட் வாங்கினேன். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்குவதால், அதில் மாட்டியிருக்கும் மூன்று ஷாஃப்ட்டையும் கழற்றிவிட்டுக் கீழே இறக்கிவிடலாம். பழைய பேரிங்குகளைத் திரும்பப் போடாதீர்கள், அந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். புது கியர்களைப் போட்டு மூடியபின் கையால் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்'. திறந்தால், பெரிய பல்சக்கரம் கேஸின் உள்சுவரில் உரசிய பளபளப்பு. அந்த இடத்தை மட்டும் கிரைண்டரில் லேசாகத் தேய்த்து, அலுமினியத் தூள் போகக் கழுவினேன். அப்புறம் சத்தமே இல்லை.

இரண்டாவது மாதம் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் ஒன்று கிழிந்தது. முறுக்கு விசை கூடினால் கேஸே இடத்தை விட்டுச் சுழலப் பார்க்கும். சேசிஸிலிருந்து ஒரு தாங்கு கை வைத்தேன்.

சாதாரணச் சாலைக்கான ஹை கியரும் 12 சதவீதம் இறங்கியது, அதாவது அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறுகிறது, எனக்குப் பரவாயில்லை. இப்போது அதே மேட்டில் கிளட்சில் காலே வைப்பதில்லை.