மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்க்கலாம்: குழந்தைகளோடு முதல்முறை தொடங்குபவர்களுக்கு

மே மாதத்தில் பகல் பொழுது வெயிலுக்குச் சொந்தம். ஆறு மணிக்கு மேல்தான் பிள்ளைகளை வெளியே விட முடிகிறது. ஆனால் அதன்பிறகு விரியும் வானம் ஆண்டிலேயே பார்ப்பதற்கு வசதியான வானங்களில் ஒன்று. பஞ்சாங்கத்தில் இருக்கும் 27 நட்சத்திரங்களில் பத்துக்கும் மேற்பட்டவற்றை இந்த மாதம் ஒரே இரவில் காணலாம். "என் நட்சத்திரம் சுவாதி" என்று கோவிலில் அர்ச்சனைக்குச் சொல்லப் பழகிய குழந்தைக்கு அந்தச் சுவாதியை விரல் நீட்டிக் காட்டிப் பாருங்கள். அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

தொலைநோக்கி வேண்டாம். முதல் கோடையில் அது இடைஞ்சல்தான். நான்கு வயதுப் பிள்ளையால் சிறிய கண்ணாடித் துளை வழியே எதையும் கண்டுபிடிக்க முடியாது. வெறும் கண்ணே போதும்.

1. நாளும் நேரமும்

முழு நிலா நாட்களில் வானம் வெளுத்துவிடும். பௌர்ணமி கழிந்து மூன்று நான்கு நாட்களில் நிலா தாமதமாக உதிக்கத் தொடங்கும். அப்போதிலிருந்து அமாவாசை தாண்டி நான்காம் பிறை வரை முன்னிரவு இருட்டாக இருக்கும். தினசரி காலண்டரைப் பார்த்தே நாள் குறித்துவிடலாம்.

இங்கே நான் சொல்லும் வானம் மே நடுவில் இரவு 9 மணிக்கு உரியது. ஏப்ரல் கடைசியில் இதே காட்சி 10 மணிக்கும், ஜூன் தொடக்கத்தில் 8 மணிக்கும் கிடைக்கும்.

2. மாடியைத் தயார் செய்தல்

வெயில் தாழ்ந்ததும் தரையில் நன்றாகத் தண்ணீர் தெளித்துவிடுங்கள். தளம் சூட்டைக் கக்கி முடிக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். பாய், ஜமக்காளம், தலையணை, ஒரு சொம்பு நீர்மோர் இருந்தால் போதும். பாயை மாடியின் நடுவில் விரியுங்கள். அண்ணாந்து பார்த்தபடி நடக்கும் குழந்தைக்குக் கைப்பிடிச் சுவர் கண்ணில் படாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: வானம் பார்க்கும்போது படுத்திருக்க வேண்டும், நடக்கும்போது தரையைப் பார்க்க வேண்டும். தூரத்தில் மின்னல் தெரிந்தால் உடனே இறங்கிவிடுங்கள். கோடை மழை சொல்லிக்கொண்டு வராது.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். கைப்பேசித் திரையை ஒரு நொடி பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். டார்ச் முகப்பில் சிவப்பு ஜெலட்டின் தாளை ஒட்டிவிட்டால் வெளிச்சமும் கிடைக்கும், கண்ணும் கெடாது. ஸ்டெல்லேரியம் போன்ற வான வரைபடச் செயலியில் பழக விரும்பினால் பகலிலேயே பார்த்துப் பழகிவிட்டு, மாடிக்குக் கொண்டு வராமல் கீழே வைத்துவிடுங்கள்.

3. வடக்கே தொடங்குங்கள்

வடக்கு நோக்கி நின்றால் பாதி வான உயரத்தில் ஏழு விண்மீன்கள் தெரியும். நான்கு சேர்ந்து பட்டம் போலவும், மூன்று அதன் வால் போலவும் இருக்கும். இதுதான் சப்தரிஷி மண்டலம். சென்னை நடுவிலும் இது தெரியும் என்பதால் முதல் அடையாளமாக இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

வாலின் நடு விண்மீன் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக இன்னொன்று இருக்கிறதா என்று குழந்தைகளைத் தேடச் சொல்லுங்கள். நாம் காட்டிவிடக் கூடாது. என் மகளுக்கு ஏழு வயது, அவள் பாயில் மல்லாந்து, ஒரு கண்ணை மூடி, பிறகு அடுத்த கண்ணை மூடி, கடைசியில் இரண்டையும் திறந்து, "அம்மா, அங்கே இரண்டு இருக்கிறது!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அதுதான் அருந்ததி. அம்மி மிதித்து அருந்ததி பார்த்ததாகச் சொல்லும் நம்மில் பெரும்பாலோர் கல்யாணத்தன்று பகல் வெளிச்சத்தில் புரோகிதர் காட்டிய திசையைப் பார்த்துத் தலையாட்டியவர்கள்தான். பிள்ளைகளோடு சேர்ந்து இப்போது உண்மையிலேயே பாருங்கள்.

பட்டத்தின் வாலுக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள இரண்டு விண்மீன்களை இணைத்துக் கீழ்நோக்கி நீட்டினால் துருவ நட்சத்திரம் வரும். அது எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது ஊரைப் பொறுத்தது. சென்னையில் அடிவானிலிருந்து 13 பாகை, மதுரையில் சுமார் 10, கன்னியாகுமரியில் 8. கையை நன்றாக நீட்டி மூடிய முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. குழந்தையின் முஷ்டி சிறியது, கையும் குட்டை. அதனால் இந்தக் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும். முஷ்டியால் அளக்கத் தெரிந்துவிட்டால் வானத்தில் வழி சொல்வது எளிது.

4. வால் காட்டும் வழியில் சுவாதியும் சித்திரையும்

சப்தரிஷியின் வால் வளைந்திருக்கிறது அல்லவா? அந்த வளைவை அப்படியே நீட்டி மூன்று முஷ்டி நகருங்கள். கிழக்கு வானில் உயரத்தில், இலேசான ஆரஞ்சு நிறத்தில், அந்தப் பக்கத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீன் நிற்கும். அதுதான் சுவாதி. அதே வளைவில் இன்னும் மூன்று முஷ்டி தெற்கே போனால் நீலம் கலந்த வெள்ளையில் சித்திரை.

தெற்கு நோக்கித் திரும்பினால் சித்திரைக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே நான்கு விண்மீன்கள் கோணலான நாற்கரமாகத் தெரியும், அது அஸ்தம். மேற்கு வானில் உயரத்தில் இருப்பது மகம். அதற்கும் உச்சிக்கும் நடுவே பூரம், உத்திரம். மேற்கே தாழ்வாக அருகருகே நிற்கும் இரண்டு, புனர்பூசம். தென்கிழக்கில் தேள் வடிவ விண்மீன் கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும்: தலைப்பக்கம் மூன்று விண்மீன் வரிசையாக அனுஷம், அதற்குக் கீழே செக்கச் சிவந்த கேட்டை. கொடுக்கில் இருக்கும் மூலத்தைப் பார்க்க 11 மணி வரை விழித்திருக்க வேண்டும். சின்னவர்கள் அதற்குள் தூங்கிவிடுவார்கள், தூங்கட்டும்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் அவரவர் நட்சத்திரத்தைக் காட்டுங்கள். ரோகிணி, கார்த்திகைக்காரர்கள் கார்த்திகை மாதம் வரை காத்திருக்க வேண்டும். இதற்குக் காரணத்தையும் குழந்தைகளிடம் சொல்லலாம். அக்னி நட்சத்திர நாட்களில் சூரியன் நிற்பது கார்த்திகையை ஒட்டிய வானப் பகுதியில். அந்த வெளிச்சத்தில் கார்த்திகை மறைந்துவிடுகிறது. கத்திரி வெயில் என்று நாம் திட்டும் நாட்களுக்குள் இப்படி ஒரு வானியல் உட்கார்ந்திருக்கிறது.

5. ஒளிக்கு வயது சொல்லுங்கள்

எங்கள் வீட்டில் மிகவும் பிடித்துப்போன பகுதி இது. சுவாதியின் ஒளி நம்மை வந்து சேர ஏறத்தாழ 37 ஆண்டுகள் ஆகிறது. இன்று கண்ணில் விழும் ஒளி அங்கிருந்து கிளம்பியபோது நானும் என் கணவரும் கைக்குழந்தைகள். வசிஷ்டர், அருந்ததியின் ஒளிக்குச் சுமார் 80 வயது. அது கொள்ளுப்பாட்டிக்கு உரியது. மகத்துக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

மகனுக்கு நான்கு வயது. அவனுக்குரியதைக் காணத் தெற்கே திரும்ப வேண்டும். அடிவானத்துக்கு மேலே நான்கு விண்மீன்கள் நிமிர்ந்த சிலுவையாக நிற்கும். தென்சிலுவை என்றும் திரிசங்கு என்றும் இதைச் சொல்வார்கள். மே நடுவில் 9 மணிக்கு அது தன் உச்ச உயரத்தில் இருக்கும், ஆனாலும் அந்த உயரம் அதிகமில்லை. தெற்கே கட்டடம் மறைக்காத மாடி வேண்டும். வயலோ ஏரியோ கடலோ இருந்தால் இன்னும் நல்லது. டெல்லியில் இருப்பவர்களுக்கு இது அடிவானத்துப் புழுதியிலேயே போய்விடும். தென்கோடியில் வாழும் நமக்கு இது ஒரு கொடுப்பினை. சிலுவைக்கு இடப்பக்கம் பிரகாசமாக இரண்டு விண்மீன்கள். அவற்றில் வெளிப்புறம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி, சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் தொகுதி. ஒளி வர நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும். "நீ பிறந்தபோது கிளம்பியது, இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது" என்றதும் மகன் எழுந்து நின்று அதற்குக் கை காட்டினான்.

6. நிலா வந்துவிட்டால்

வளர்பிறை நாட்களில் மங்கலான விண்மீன்கள் போய்விடும். அப்போது நிலாவையே பாடமாக்கிக்கொள்ளுங்கள். காலையில் காலண்டர் தாளைக் கிழிப்பது யார் என்ற போட்டி எல்லா வீட்டிலும் உண்டு. கிழிப்பவர் அன்றைய நட்சத்திரத்தை உரக்கப் படிக்க வேண்டும். இரவு மாடியில் நிலா அதன் பக்கத்தில் நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். தாளில் நட்சத்திரம் எத்தனை மணி வரை என்று இருக்கும், அதையும் கவனியுங்கள். மகம், சித்திரை, கேட்டை மூன்றும் நிலாவின் பாதையை ஒட்டியிருப்பதால் அந்த நாட்களில் பொருத்தம் பளிச்சென்று தெரியும். சுவாதி பாதையிலிருந்து வெகுதூரம் வடக்கே இருப்பதால் அன்று நிலா அதற்குத் தெற்கே தள்ளியே போகும். நாளுக்கு ஏறக்குறைய 13 பாகை, அதாவது ஒரு முஷ்டிக்கும் கொஞ்சம் மேல், நிலா கிழக்கே நகர்கிறது. 27 நாட்களும் சில மணி நேரமும் கழித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். ஜன்ம நட்சத்திரம் என்பது நாம் பிறந்த வேளையில் நிலா நின்ற பகுதி என்று இப்போது சொல்லுங்கள். விளக்கமே தேவைப்படாது.

7. விடியற்காலை எழ முடிந்தால்

மாடியிலேயே தூங்குபவர்கள் மே 5, 6 தேதிகளை ஒட்டி 4 மணிக்கு எழுந்து கிழக்கு வானைப் பாருங்கள். ஹேலி வால்மீன் விட்டுச்சென்ற தூசு பூமியின் காற்றில் எரிந்து எரிகற்களாகக் கோடு இழுக்கும் காலம் அது. நிலா இல்லாத ஆண்டாக இருந்தால் மட்டும் பிள்ளைகளை எழுப்புங்கள்.

இதெல்லாம் பழகியபின், ஜவ்வாது மலையில் காவலூருக்கு ஒருமுறை போய் வரலாம். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. பார்வையாளர் அனுமதி நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மலைப்பாதையில் ஏறிப் போய்க் கதவடைத்திருந்தால் குழந்தைகள் தாங்க மாட்டார்கள். ஜூன் கடைசியில், பள்ளி திறந்தபின், மேகம் விலகிய ஒரு சனிக்கிழமை 8 மணிக்கே தேள் முழுசாக ஏறியிருக்கும். தூக்கத்தில் மூலத்தைத் தவறவிட்ட சின்னவர்களை அன்று மாடிக்கு அழைத்துப் போங்கள்.