ஏற்காடு மலைப்பாதையில் கிரைண்டரை நகராமல் ஏற்றிய விதம்

கோயம்புத்தூரில் வாங்கிய 40 லிட்டர் சாய்வு கிரைண்டரை (உரலைச் சாய்த்து மாவை எடுக்கும் வகை) ஏற்காட்டில் உள்ள எங்கள் உணவகத்திற்கு மினி லாரியில் கொண்டுவந்தபோது, சேலம் வரை நெடுஞ்சாலையில் அசையாமல் நின்ற இயந்திரம், மலையேறத் தொடங்கி நான்காவது கொண்டை ஊசி வளைவிலேயே நகர்ந்து பக்கவாட்டுத் தகட்டில் மோதியது. வண்டியை ஓரங்கட்டி, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுப் பார்த்தேன். நைலான் கயிறு இழுவையில் நீண்டு தளர்ந்திருந்தது. அதைவிடப் பெரிய தவறு, கூம்புக் கற்களை உரலுக்குள்ளேயே விட்டிருந்ததால் பாரம் முழுவதும் மேலே நின்றதுதான்.

இன்னும் 16 வளைவுகள் இருந்தன. அப்படியே ஏற எனக்கு மனம் வரவில்லை. கயிற்றை மீண்டும் இறுக்கி, முதல் கியரிலேயே அடிவாரத்திற்கு இறங்கினோம்.

அங்கே கற்களைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, ஓட்டுநர் அறையை ஒட்டித் தரையோடு தரையாகக் கிடத்திக் கட்டினேன். அடிச்சட்டத்தின் கீழ் ரப்பர் விரிப்பைப் போட்டு, நாற்புறமும் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து ஆணியடித்து, நான்கு மூலைகளிலிருந்தும் ராட்செட் பெல்ட்டுகளை (கைப்பிடியை அசைத்து இறுக்கும் பட்டைகள்) இழுத்து இறுக்கினேன். பெல்ட்டுகளைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும்; உரலிலோ மோட்டாரிலோ மாட்டினால் அச்சு வளைய வாய்ப்புண்டு. ஐந்து வளைவுகளுக்கு ஒருமுறை இறங்கி பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். முதல் முறை மட்டும் சற்று இறுக்க வேண்டியிருந்தது. இருபதாவது வளைவைத் தாண்டியபோதும் கட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தன.