மலையிலிருந்து வீடியோவில் வாங்கும் எடைக்குறைப்பு ஊசி: போடும் முன் பார்க்க வேண்டியவை

கோத்தகிரியில் உட்கார்ந்தபடி கோவை டாக்டரிடம் வீடியோவில் பேசி, செமாகுளூட்டைடோ டிர்செபடைடோ எழுதி வாங்குவது இன்று சுலபம். கடையில் வெகோவி, ஓசெம்பிக், மவுன்ஜாரோ என்று கேட்கிறோமே, அவைதான்; முதல் இரண்டும் செமாகுளூட்டைடு, மூன்றாவது டிர்செபடைடு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலித்தால் அந்த டாக்டர் போனில்தான் இருப்பார். முதல் ஊசிக்கு முன்பே உங்கள் ஊர் டாக்டர் ஒருவரிடம் சீட்டைக் காட்டி, "இதை ஆரம்பிக்கிறேன்" என்று சொல்லி வையுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

கேள்விகளுக்கு டிக் அடித்ததும் சீட்டு அனுப்பும் இடத்தில் வாங்கவே வேண்டாம். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலின்படி, சீட்டில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். உயரத்தையும் எடையையும் அன்றே அளந்து சொல்லுங்கள். பொதுவாக பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 30-க்கு மேல் இருந்தாலோ, சர்க்கரை, பிரஷர் போன்ற தொல்லையோடு 27-க்கு மேல் இருந்தாலோதான் இந்த ஊசி.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு. உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்ததா, கணைய அழற்சி, பித்தப்பைக் கல், சர்க்கரையால் கண்ணில் பாதிப்பு உண்டா, குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா என்பவை. செமாகுளூட்டைடைக் கருத்தரிக்க இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு போடும்போது கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஆரம்பித்த 4 வாரமும், ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பின் 4 வாரமும் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

இன்சுலினோ, கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. பசி குறைந்து காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தேயிலைச் சரிவில் கூடையோடு ஏறினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். அந்த மருந்துகளைக் குறைக்க வேண்டுமா என்று ஊசி ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். மடியில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

அளவில்தான் பெரிய தப்பு நடக்கிறது. செமாகுளூட்டைடு வாரம் 0.25 மி.கி., டிர்செபடைடு வாரம் 2.5 மி.கி.; முதல் 4 வாரம் அவ்வளவுதான். மருந்து நிரப்பிய ஊசிப் பேனாவாக வாங்கினால் குழப்பம் குறைவு. மருந்துக் குப்பியும் சிரிஞ்சுமாக வந்தால் கணக்கைப் பாருங்கள்: 1 மில்லியில் 5 மி.கி. உள்ள மருந்தில் 0.25 மி.கி. என்பது 0.05 மில்லி, அதாவது U-100 என்று எழுதிய இன்சுலின் சிரிஞ்சில் 5 யூனிட் கோடு; U-40 சிரிஞ்சில் இந்தக் கணக்கு பொருந்தாது. "0.25" என்பதைப் பார்த்து 25 யூனிட் கோடு வரை இழுத்தால் ஐந்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும், நாள்கணக்கில் வாந்தி நிற்காது. எந்த சிரிஞ்சில் எத்தனை யூனிட் கோடு வரை என்று டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். பில் இல்லாத, பேட்ச் எண் அழிந்த பெட்டியைத் தொடாதீர்கள். போலி ஓசெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2024-இல் எச்சரித்திருக்கிறது.

ஊட்டி குளிருக்கு ஃபிரிட்ஜ் எதற்கு என்று நினைக்க வேண்டாம். திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இங்கே வெயிலைவிட உறைவதுதான் ஆபத்து. டிசம்பர், ஜனவரி உறைபனி இரவில் ஜன்னலோரம் வைத்த பேனாவும், ஃப்ரீசர் தட்டை ஒட்டி வைத்த பேனாவும் உறையக்கூடும். உறைந்து உருகிய மருந்து பார்வைக்குத் தெளிவாகவே இருந்தாலும் போடக்கூடாது. கூரியர் பெட்டியைத் திறந்ததும் கட்டியான ஜெல் பேக் மருந்தை நேராக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். நடுத்தட்டில் ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்தால் நிம்மதி. மழைக்காலத்தில் கரன்ட் போனால் பதற வேண்டாம், ஃபிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள்.

குளிரில் தாகம் தெரியாது. வாந்தியோ பேதியோ சேர்ந்தால் உடம்பு வற்றி சிறுநீரகம் அடிபடும். தாகத்துக்குக் காத்திராமல் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். ஊசி போட்ட ஓரிரு நாள் வர்க்கி, பஜ்ஜி மாதிரி நெய்யும் எண்ணெயும் ஏறியவை குமட்டலைக் கூட்டும்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் விடாத வலி, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கண் மஞ்சளாவது: இவற்றில் ஒன்று வந்தாலும் வீடியோ அழைப்புக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மழையில் மலைப்பாதை அடைபடலாம் என்பதால் விடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மருந்துப் பெட்டியையும் கடைசி ஊசி போட்ட தேதியையும் கையோடு எடுத்துப் போங்கள். செமாகுளூட்டைடு நிறுத்திய பிறகும் உடம்பில் சுமார் ஐந்து வாரம் இருக்கும். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அந்தத் தேதி தெரிய வேண்டும்.