சோலார் பேனல் வாங்கும் முன் இந்த ஒரு எண்ணைப் பாருங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது தோட்டத்து வீடுகளிலும் சோலார் ஏறிக்கொண்டிருக்கிறது. விற்க வருபவர் வாட் கணக்கை மட்டும்தான் சொல்வார். அந்த வாட், பேனலின் செல் 25 டிகிரியில் இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்தது. நம்ம ஊர் மதிய வெயிலில், தகரக் கூரைமேல், செல் சூடு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

அதனால் விவரத்தாளைக் கேட்டு வாங்கி, வெப்பக் குணகம் (temperature coefficient) என்ற வரியைத் தேடுங்கள். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் எவ்வளவு சதவீதம் உற்பத்தி குறையும் என்பதுதான் அது. செல் செய்யும் முறையைப் பொறுத்துப் பேனலில் பல வகை உண்டு, வகைக்கு வகை இந்த எண் மாறும்: பழைய பாலி வகையில் சுமார் 0.4, மோனோ பெர்க்கில் 0.35, டாப்கானில் 0.3, ஹெட்டரோஜங்ஷனில் 0.25 அளவில் இருக்கும். 35 டிகிரி கூடினால் பாலி 14 சதவீதம் இழக்கும், ஹெட்டரோஜங்ஷன் 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக. ஆனால் விலை வித்தியாசம் பெரிதென்றால் டாப்கானே போதும் என்பேன்.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நம்மைவிட மின்சாரம் அதிகம் வருகிறதா என்று பார்க்க, மாத யூனிட்டைப் பேனலின் மொத்தக் கிலோவாட்டால் வகுத்து ஒப்பிடுங்கள், வெறும் யூனிட்டை அல்ல.

அப்புறம், பேனலைக் கூரையோடு ஒட்டிப் போட விடாதீர்கள். அடியில் காற்று ஓட ஒரு சாண் இடைவெளியாவது கேளுங்கள். செம்பனை ஆலைப் புகை படியும் வீடு என்றால் மழையை நம்பாமல் காலையிலேயே, பேனல் சூடாகும் முன், கழுவிவிடுங்கள்.