வோல்ட்ஸ் நடனத்தின் முதல் அடிகள்

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்து யாழ்ப்பாணத்தில் திருமணம் செய்துகொள்பவர்களில் சிலர், மாலை வரவேற்பில் இருவருமாக வோல்ட்ஸ் ஆட விரும்புகின்றனர். அதன் அடிப்படையான ‘பொக்ஸ் ஸ்டெப்’பை, அதாவது ஒரு சதுரத்தின் மூலைகளில் கால்வைத்து ஆடும் அடியை, வீட்டு விறாந்தையிலேயே பழகிக்கொள்ளலாம்.

வோல்ட்ஸ் மூன்று எண்ணிக்கையில் சுழல்வது. அழுத்தம் முதல் எண்ணிக்கையில் விழும். ரூபக தாளத்தை இரண்டு தட்டும் ஒரு வீச்சுமாகப் போட்டுப் பழகியவர்களுக்கு இந்த மூன்று புதிதன்று. வேகத்தில்தான் கவனம் வேண்டும். போட்டிகளில் மெது வோல்ட்ஸ் நிமிடத்துக்கு 84 முதல் 90 எண்ணிக்கை வரையிலான வேகத்தில் ஆடப்படுகிறது. வியன்னா வோல்ட்ஸ் அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவானது என்பதால், தொடக்கத்தில் அதன் பக்கமே போக வேண்டாம். முதலில் இசையை நிறுத்திவிட்டு, வாய்விட்டு மெதுவாக எண்ணிப் பழகுவதே நல்லது.

சீமெந்துத் தரையில் வெண்கட்டியால், பக்கத்துக்கு ஒன்றரை அடி கொண்ட ஒரு சதுரம் வரைந்துகொள்ளுங்கள். தரையைப் பற்றிக்கொள்ளும் றப்பர் அடிச் சப்பாத்து முழங்காலைத் திருகிவிடும். காலுறை மட்டும் அணிந்தால் ரைல்ஸ் தரையில் வழுக்கும். தோல் அடி கொண்ட சப்பாத்தே பொருத்தமானது.

வழிநடத்துபவர் சதுரத்தின் கீழ் இடது மூலையில் கால்களைச் சேர்த்து நிற்க வேண்டும். ஒன்றுக்கு இடது காலை நேரே முன்னால் மேல் இடது மூலையிலும், இரண்டுக்கு வலது காலை மேல் வலது மூலையிலும் வைத்து, மூன்றுக்கு இடது காலை வலது காலோடு சேர்க்க வேண்டும். அடுத்த மூன்றில் வலது கால் நேரே பின்னால் கீழ் வலது மூலைக்கு வரும். இடது கால் கீழ் இடது மூலைக்குச் செல்லும். வலது கால் அதனோடு சேரும். எதிரே நிற்கும் துணைவர் இதே சதுரத்தை மறுபாதியிலிருந்து தொடங்குகிறார்: முதலில் வலது கால் பின்னால், இடது கால் பக்கவாட்டில், வலது கால் சேர்தல், பிறகு இடது கால் முன்னால், வலது கால் பக்கவாட்டில், இடது கால் சேர்தல்.

பெரும்பாலானோர் தடுமாறுவது மூன்றாம் எண்ணிக்கையில்தான். சேர்ந்த காலை மற்றக் காலின் அருகே சும்மா தொட்டு நிறுத்தினால், உடலின் பாரம் பழைய காலிலேயே தங்கிவிடும். அடுத்த ஒன்றுக்கு எந்தக் காலை எடுப்பது என்று தெரியாமல் உடல் திகைக்கும். சேர்ந்த கால் பாரத்தை முழுமையாக வாங்கிக்கொள்ள வேண்டும். சரிபார்ப்பது எளிது: வழிநடத்துபவர் முதல் மூன்றில் இடது காலைச் சேர்த்ததும் அப்படியே நின்று, வலது காலைத் தரையிலிருந்து உயர்த்திப் பார்க்கட்டும். உடலைச் சாய்க்காமல் கால் எழுந்தால் பாரம் மாறிவிட்டது. இந்தச் சோதனையில் இருவரும் தேறும் வரை கைகோத்து ஆட அவசரப்பட வேண்டியதில்லை.

கைப்பிடியில், வழிநடத்துபவரின் வலது கை துணைவரின் இடது தோள்பட்டை எலும்பின் மேல் படியும். துணைவரின் இடது கை வழிநடத்துபவரின் வலது மேற்புயத்தில் தங்கும். மற்றக் கைகள் பக்கவாட்டில் கோத்திருக்கும். இருவரும் நேருக்கு நேராக அல்லாமல், தத்தம் இடப்பக்கம் சற்று விலகி நின்றால் பாதங்கள் மோதா. துணைவரைக் கையால் இழுப்பதும் தள்ளுவதும் கூடாது. நெஞ்சு நகரும் திசையிலிருந்தே அவர் அடுத்த அடியை உணர வேண்டும்.

முன்வைக்கும் அடியில் குதிக்கால் முதலில் தரையைத் தொடும். இரண்டில் பாதத்தின் முன்பகுதியில் எழுந்து, மூன்றின் முடிவில் மெல்லத் தாழ வேண்டும். பரதம் பயின்றவர்கள் தட்டி வைக்கும் பழக்கத்தையும், பைலாவுக்கு ஆடியவர்கள் துள்ளலையும் சற்று ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கும். இங்கே பாதம் தரையை உரசியபடியே நகரும்.

சதுரம் தடையின்றி வந்த பின், ஒவ்வொரு மூன்றெண்ணிக்கையிலும் இடப்பக்கமாக வட்டத்தின் காற்பங்கு திரும்பிப் பாருங்கள்; இரண்டு சதுரம் முடியும்போது தொடங்கிய திசையையே மீண்டும் நோக்குவீர்கள். கூறைச் சேலையோடு ஆடப்போகிறவர் கடைசி நாள்களிலாவது சேலை உடுத்தே பழக வேண்டும். பின்வைக்கும் அடியில் கரை குதிக்காலில் சிக்குவதால், அதைச் சற்று உயர்த்திக் கட்டி, அடியின் நீளத்தை ஓரடியாகக் குறைத்துக்கொள்வது பாதுகாப்பானது. வழிநடத்துபவரும் தம் அடியை அதே அளவுக்குச் சுருக்க வேண்டும்.