உங்கள் நெட் போலி ரூட்டை வடிகட்டுகிறதா? நீங்களே சோதிக்கலாம்

2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் டெலிகாம் உள்நாட்டில் மட்டும் யூடியூபை முடக்கப் போட்ட ரூட் (எந்த முகவரிக்கு எந்த வழியாகப் போகலாம் என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று சொல்லும் அறிவிப்பு) வெளியே கசிந்து, உலகின் பல பகுதிகளில் இரண்டு மணி நேரம்போல யூடியூப் வரவில்லை. இந்த மாதிரிக் கூத்தைத் தடுக்கத்தான் ஆர்பிகேஐ, அதாவது ரூட் அறிவிப்பை டிஜிட்டல் கையெழுத்தை வைத்துச் சரிபார்க்கும் ஏற்பாடு. ஐபி முகவரித் தொகுதியை வைத்திருப்பவர் 'இந்த ஏஎஸ் எண்தான் (ஒரு நெட்வொர்க்கின் அடையாள எண்) இதை அறிவிக்கலாம்' என்று கையெழுத்திட்டு வைப்பது ஆர்ஓஏ. இவற்றை எண்ணுவது சுலபம், எல்லாம் பொதுவில் கிடக்கின்றன. அதைப் பார்த்து, தப்பான ரூட்டை யார் நிஜமாகவே தூக்கிப் போடுகிறார்கள் என்பதைத்தான் அளந்து பார்க்க வேண்டும்.

இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃப்ளேரின் 'இஸ் பிஜிபி சேஃப் யெட்' பக்கத்தை (நெட்வொர்க்குகள் ரூட்டைப் பரிமாறும் முறைதான் பிஜிபி) திறந்து சோதனை பட்டனை அழுத்துங்கள். சரியான ஆர்ஓஏ உள்ள ஒரு முகவரியையும், வேண்டுமென்றே ஆர்ஓஏவோடு பொருந்தாத, செல்லாத ரூட்டில் வைத்த இன்னொன்றையும் உங்கள் பிரவுசர் எடுத்துப் பார்க்கும். இரண்டும் வந்தால் வடிகட்டல் இல்லை. நல்லது மட்டும் வந்தால் வழியில் யாரோ வடிகட்டுகிறார்கள். இரண்டுமே வராவிட்டால் அது முடிவே இல்லை, ஏற்காட்டில் மழை நாளில் மொபைல் டேட்டாவில் சோதித்தால் இதுதான் நடக்கும். விபிஎன்-ஐ நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அளப்பது வேறு யாரோ ஒருவரின் நெட்வொர்க்கை.

சரி, அந்த 'யாரோ' யார்? இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உங்களுக்கு லைன் கொடுக்கும் கேபிள்காரர் எதையும் சரிபார்க்காமலே இருக்கலாம், அவர் பேண்ட்வித் வாங்கும் மேல் நெட்வொர்க் வடிகட்டினால் பெயர் இவருக்கும் கிடைத்துவிடும். இரண்டு முகவரிக்கும் டிரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியில் உள்ள ரவுட்டர்களைக் காட்டும் கட்டளை) ஓட்டி, செல்லாத முகவரிக்குப் போகும் வழியில் கடைசியாகப் பதில் தந்த ஐபி எந்த ஏஎஸ்ஸைச் சேர்ந்தது என்று பாருங்கள். அதுவும் துப்புதானே தவிர தீர்ப்பு இல்லை, சில ரவுட்டர்கள் பதிலே தராது. செல்லாதது திறக்கிறது, ஆனால் வேறு வழியாகச் சுற்றிப் போகிறது என்றால், இரண்டு மேல் நெட்வொர்க்குகளில் ஒன்று மட்டும் வடிகட்டுகிறது என்று சந்தேகிக்கலாம். டிஃபால்ட் ரூட் (வேறு ரூட் இல்லாத எல்லாவற்றையும் அனுப்பும் பொது வழி) வைத்திருந்தால், ஒழுங்காக வடிகட்டுகிறவரிடமிருந்துகூட பாக்கெட் வெளியே நழுவிவிடும்.

ஒரு வீட்டு லைனை வைத்துச் சேலம் முழுக்க இப்படித்தான் என்று சொல்லிவிடாதீர்கள். இணையத்தை அளக்கும் திட்டமான ரைப் அட்லஸின் சிறு அளவீட்டுக் கருவி (புரோப்) ஒன்றை வீட்டில் மாட்டினால் கிரெடிட் சேரும், அதைக் கொண்டு மற்ற நெட்வொர்க்குகளிலிருந்தும் டிரேஸ்ரூட் ஓட்டலாம். ஆசிய-பசிபிக் பகுதிக்கான ஐபி முகவரிப் பதிவகமான ஏப்னிக்கின் ஆய்வுப் பிரிவு ஏப்னிக் லேப்ஸ், ஆன்லைன் விளம்பரம் வழியே பயனர்களின் பிரவுசரிலேயே இந்தச் சோதனையை நடத்தி, ஏஎஸ் வாரியாகச் சதவீதம் வெளியிடுகிறது, உங்கள் ஆப்பரேட்டரின் எண்ணை அங்கே தேடுங்கள்.

அப்புறம் அவரிடம் பேசப் போனால் இரண்டு டிரேஸ்ரூட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செலவாகுமே என்பார். சரிபார்க்கும் மென்பொருளான ரூட்டினேட்டர் இலவசம்தான்.